ஆறு திரும்பும் அன்றைக்குக் கர்த்தர் வருவார்

மலையைக் குடைகிறார்கள் என்று முதலில் சொன்னபோது எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை. கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவே, ஆற்றங்கரையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. மேற்கே மலையாளத்துக் கடலுக்கு ஓடுகிற ஆற்றைக் காட்டுக்குள் மறித்து அணை கட்டுவார்களாம். மலைக்குள் வழி வெட்டி அந்தத் தண்ணீரை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்களாம். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் மேல்காற்று அடிக்கிற நாட்களில் மலையிலிருந்து வெடிச்சத்தம் வரத் தொடங்கியது. சிரிப்பு நின்றுபோனது.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மாட்டுவண்டி ஓட்டினார். ரயிலில் வந்து இறங்குகிற இரும்பையும் மூட்டைகளையும் தேனி வழியாக ஏற்றிக்கொண்டு வந்து மலையடிவாரத்தில் இறக்கிவிட்டுத் திரும்புவார். நான் ஜெபவீட்டில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். பெரியகுளத்து மிஷன் பள்ளியில் நாலு வருஷம் தங்கிப் படித்தவள் என்பதால் சபையில் வேதம் வாசிப்பதும் என் பொறுப்பு. முப்பது குடும்பம் இருக்கும் எங்கள் சபை. மண்சுவர், கூரை வேய்ந்த ஜெபவீடு.

எங்கள் உபதேசியார் வைகைக்கரையில் பிறந்தவர். ஐம்பது வயதிலும் தேக்குமரம் மாதிரி இருப்பார். பிரசங்கம் மட்டும் மெதுவாக, உழவு ஓட்டுகிற மாதிரி போகும். பாதியில் ஆண்கள் தூங்கிவிடுவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "வேலை செஞ்ச உடம்பு, தூங்கட்டும்" என்பார்.

ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் என் வீட்டுக்காரர் வெறும் வண்டியில் ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தார்.

"குமுளிக் கணவாயில நடந்து வந்துக்கிட்டிருந்தாக. நம்ம சபைக்குத்தான் வரணும்னாக. கால்ல செருப்புகூட இல்ல புள்ள, தண்ணி குடு" என்றார்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கலாம். மெலிந்த உடம்பு, முழங்கால் வரைக்கும் வெள்ளை அங்கி, பெரிய கண்கள். மலையாளத்துச் சபைகளில் ஊழியம் செய்தவர் என்று சொன்னார். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. கஞ்சியைக் குடித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "சகோதரி, இவிடெ வெடிச்சத்தம் கேக்குமோ?"

"மேல்காத்து அடிச்சா கேக்கும்" என்றேன்.

"அப்போ நான் வந்த இடம் சரிதான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் அவரைப் பேசச் சொன்னார். அன்றைக்கு ஒருவர்கூடத் தூங்கவில்லை. கர்த்தர் சீக்கிரமாக வரப்போகிறார் என்று அவர் தொடங்கினார். அது எங்களுக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் எங்களுக்கு அது எப்போதோ, எங்கேயோ நடக்கப்போகிற காரியம். அவரோ கைநீட்டி மேற்கு மலையைக் காட்டினார்.

"ஆறு எந்தப் பக்கம் ஓடணும்னு படைச்சவர் வெச்சாரோ, அந்தப் பக்கத்த விட்டுத் திரும்புது. மலை பிளக்குது. இதெல்லாம் சும்மாவோ? நம்ம காதுக்குத்தான் அது வெடி. உண்மையில அது கர்த்தரோட எக்காளத்துக்கு முன்னோடியாக்கும். ஆறு திரும்புற அன்னைக்கு அவர் வருவார். ஒறப்பா வருவார்!"

பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்தாள், விடவே இல்லை.

பிறகு அவர் சபையைப் பற்றிச் சொன்னார். சபை கர்த்தரின் மணவாட்டி. பூமியில் பெரிய உபத்திரவம் வரப்போகிறது. பஞ்சம், வாள், கொள்ளைநோய், அந்திக்கிறிஸ்துவின் அரசாட்சி. அதற்கு முன்னால் கர்த்தர் மேகத்தில் இறங்கி வந்து சபையை மேலே எடுத்துக்கொள்வார். "எந்த மணவாளனாவது தன் மணவாட்டிய அடிபட விடுவானோ?" என்று கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விம்மல் எழுந்தது.

உபதேசியார் எழுந்து நின்றார். என்னைப் பார்த்து, "ஆத்தா, அந்தக் கடைசிப் பக்கங்கள எடு. வெள்ளை அங்கி போட்ட கூட்டத்தப் பத்தி வருதே, அத வாசி" என்றார்.

வாசித்தேன். சிங்காசனத்துக்கு முன் நிற்கிற அந்தக் கூட்டத்தார் யார் என்ற கேள்வியும், அவர்கள் மிகுந்த உபத்திரவத்திலிருந்து வந்தவர்கள் என்ற பதிலும் அங்கே இருந்தன.

"உபத்திரவத்தில இருந்து வந்தாகன்னா, அதுக்குள்ள இருந்தாகன்னுதான அர்த்தம்?" என்றார் உபதேசியார். "சபை தீக்குள்ள நடந்துதான் வெளிய வரும். தப்பிச்சுப் போகும்னு நான் படிச்சதில்ல. ஆறு திரும்புற அன்னைக்குன்னு நாள் குறிக்கவும் நமக்கு அதிகாரம் இல்ல."

"அந்தக் கூட்டம் வேற, சபை வேற" என்றார் மலையாளத்து ஊழியர். "சகோதரி, தெசலோனிக்கே சபைக்கு எழுதின நிருபத்தை வாசிங்க."

அதையும் வாசித்தேன். எக்காளம், மேகம், உயிரோடிருப்பவர்கள் மேலே எடுத்துக்கொள்ளப்படுவது. இரண்டும் என் வாயிலிருந்துதான் வந்தன. யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. இத்தனை வருஷமாகப் பள்ளிப் பாடம் மாதிரி வாசித்து வந்த புத்தகம் திடீரென்று உயிரோடு என் மடியில் துடித்தது.

அவர் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். எங்கள் வீட்டில் சாப்பாடு, ஜெபவீட்டில் படுக்கை. தினமும் விடியற்காலையில் ஜெபம். முன்பெல்லாம் ஏழெட்டுப் பேர் வருகிற இடத்தில் இப்போது உட்கார இடம் இல்லை. காட்டு வேலைக்குப் போகிற வழியிலும் அதே பேச்சு. மேலே போகும்போது உடம்பு கனக்குமா, பசிக்குமா, செத்துப்போன பிள்ளைகள் நம்மை அடையாளம் கண்டுகொள்ளுமா என்று பெண்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். படித்தவள் என்று என்னைக் கேட்டார்களே தவிர, எனக்கும் அதே கேள்விகள்தான் இருந்தன. எனக்கும் ஒரு பிள்ளை பிறந்து பத்து நாளில் போயிருந்தது.

கூரை பிய்ந்தவர்கள் மாற்றவில்லை. "எதுக்கு? இன்னும் எத்தன நாளைக்கு?" என்றார்கள். பெண்கள் வெள்ளைச் சீலை வாங்கி மடித்து வைத்தார்கள். வரப்புத் தகராறில் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் ஒரு காலை ஜெபத்தில் எழுந்து, எல்லார் முன்னாலும் கட்டிப்பிடித்து அழுதார்கள். உபதேசியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் ஊழியரிடம், "நான் பதினஞ்சு வருசமா சொல்லியும் நடக்காதது இன்னைக்கு நடந்திருச்சு. ஆனா நீங்க சொல்லுற நாளு தப்பு" என்றார்.

"நீங்க பாக்கத்தான் போறீங்க" என்று ஊழியர் சிரித்தார்.

இரண்டு பேரும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். பிறகு ஒரே வாழையிலையில் அவித்த கிழங்கைப் பங்கு போட்டுத் தின்பார்கள்.

அந்த அண்ணன் தம்பியைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் அக்கா கோம்பைப் பக்கம் மாதா கோயிலுக்குப் போகிற ஒரு கத்தோலிக்கர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எங்கள் அப்பாவை எதிர்த்துக் கட்டிக்கொண்டு, அவர்கள் சபைக்கே மாறிவிட்டாள். நானும் அவளும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. இப்போது அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கடைசி நாட்களில் பிள்ளை சுமக்கிறவர்களுக்கு ஐயோ என்று ஊழியர் சொன்னது என் மனசைக் குடைந்தது. வீட்டுக்காரரை வண்டி பூட்டச் சொன்னேன்.

அக்கா நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறம் கையிலேயே நின்றது.

"யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் சாகல."

"பின்ன எதுக்குடி வந்த?"

நான் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். ஆறு, எக்காளம், மேகம், மணவாட்டி. எங்கள் சபையோடு வந்து நில் என்றேன். அவள் முகத்தில் முதலில் கோபம் வந்தது. அப்புறம் அடக்க முடியாத சிரிப்பு வந்தது.

"அப்ப நீங்க எல்லாரும் மேல போயிருவீக. நாங்க மட்டும் இங்கன கெடந்து அடிபடணும். ஆறு வருசம் கழிச்சு இதச் சொல்லத்தான் வண்டி கட்டிக்கிட்டு வந்தியா?"

"அதுக்கில்லக்கா. நீ இல்லாம நான் போகமாட்டேன்."

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்து வரவில்லை. அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க கோயில் சாமியார் வேற மாதிரி சொல்லுறாக" என்றாள், மெதுவாக. "சபை ஒண்ணுதானாம். பாறை மேல கட்டினதாம். உலகம் முடியிற மட்டும் இங்கனதான் நிக்குமாம், எந்த நரகமும் அத அசைக்காதாம். பெரிய சோதனை வரும், நெறையப் பேரு விழுந்துருவாகளாம். ஆனா சபை விழாதாம்."

"எங்க உபதேசியாரும் கிட்டத்தட்ட அதத்தான் சொல்லுறாக" என்றேன்.

"பெறகென்ன?"

அவள் என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். அவள் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது எனக்கே தெரிந்தது. கிளம்பும்போது, "தண்ணி வர்ற அன்னைக்கு வாரேன். மேல போறதுக்கில்ல, ஆத்தப் பாக்க" என்றாள்.

அந்த வருஷம் மழை தவறியிருந்தது. ஆற்றில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடியது. கடைசியில் ஒருநாள் என் வீட்டுக்காரர் மாட்டைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்தார். "தொறக்கப் போறாக! பெரிய தொர வாராகளாம், பந்தல் போட்டிருக்காக. நாளைக்குத் தண்ணி வந்துரும்!"

மறுநாள் காலையில் நான் வெள்ளைச் சீலையை உடுத்தினேன். கொசுவம் மூன்று தடவை அவிழ்ந்தது. வீட்டைப் பூட்டவா வேண்டாமா என்று யோசித்துத் திறந்தபடியே விட்டேன். ஊரே ஆற்றங்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் சபையார் மட்டும் இல்லை. தண்ணீர் பார்க்க எல்லாச் சாதிசனமும் வந்திருந்தது. கம்பத்திலிருந்து கடைக்காரர்கள் வந்தார்கள். ஒரு பக்கம் சிலர் ஆற்றுக்குத் தேங்காய் உடைக்கத் தட்டோடு நின்றார்கள். நாங்கள் வெள்ளையில் ஒரு மேட்டில் நின்று பாடினோம். உபதேசியாரும் வந்தார், ஆனால் வெள்ளை உடுத்தவில்லை. எப்போதும் கட்டுகிற பழுப்பு வேட்டிதான். தோளில் ஒரு வண்டிக் கயிறு.

"அதெதுக்கு ஐயா?" என்று கேட்டேன்.

"தண்ணி வேகமா வரும் ஆத்தா. இம்புட்டுப் புள்ளைக கரையில நிக்குதுகளே."

அக்கா வந்திருந்தாள். அவளைக் கட்டிய மாமாவும் அவர் வீட்டு ஆண்கள் நாலைந்து பேரும் கூட வந்திருந்தார்கள். அக்கா நேராக வந்து என் பக்கத்தில், வெள்ளைச் சீலைக் கூட்டத்துக்கு நடுவே, தன் பச்சைச் சீலையோடு நின்றுகொண்டாள். எங்கள் பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.

ஊழியர் எங்களோடு மேட்டில் நிற்கவில்லை. ஆற்றுக்குள் இறங்கினார். நடு மணலில் போய் மேற்கே பார்த்து இரண்டு கையையும் உயர்த்தி நின்றார். உபதேசியார் கரையிலிருந்து கூப்பிட்டார். "ஐயா, மேல வாங்க! அங்கன நிக்காதீக!"

"நான் மேலேதான் போகப்போறேன்!" என்று அவர் திரும்பிச் சிரித்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கலியாணப் பந்தலுக்குள் நுழைகிறவன் முகம் அது.

முதலில் சத்தம் வந்தது. காட்டுக்குள் காற்று புகுந்த மாதிரி ஒரு இரைச்சல். பறவைகள் கூட்டமாக எழும்பின. யாரோ "எக்காளம்!" என்று கத்தினார்கள். அக்காவின் கையை இறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், என் குதிகால் தரையில் இல்லை என்று நினைத்தேன்.

"கீழ பாருடி!" என்று அக்கா கத்தினாள்.

வளைவில் தண்ணீர் திரும்பியது. செம்மண் நிறம், மேலே நுரை, நுரைக்குள் சருகும் கிளையும் முறிந்த மரமும். நின்று பார்க்கும்போதே கணுக்கால் அளவு ஓடிய ஆறு இடுப்பளவு ஆனது. ஊழியர் கையை இறக்கவில்லை. தண்ணீர் அவர் முழங்காலை மறைத்தது, இடுப்பை மறைத்தது. ஒரு மரக்கட்டை வந்து இடித்தது. ஆளைக் காணவில்லை.

உபதேசியார் கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு, மறு நுனியை என் வீட்டுக்காரரிடம் எறிந்துவிட்டுக் குதித்தார். என் வீட்டுக்காரரைத் தண்ணீர் இழுத்தது. மாமா ஓடிவந்து அவர் இடுப்பைப் பிடித்தார். மாமாவை அவர் தம்பி பிடித்தார். அவரைப் பிடித்தது அந்த வரப்புத் தகராறு அண்ணன் தம்பி. தேங்காய் வைத்திருந்தவர்களில் ஒருவர் தட்டைப் போட்டுவிட்டு வந்து கயிற்றைச் சுற்றிப் பிடித்தார். நாங்கள் பெண்கள் கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அழுதோம், கத்தினோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு வேலமரத்து வேரில் தங்கிக் கிடந்தவரை உபதேசியார் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தார்.

கரையில் கிடத்திக் குப்புறத் திருப்பி வயிற்றை அமுக்கினார்கள். சேறும் தண்ணீரும் வந்தன. கொஞ்சம் கழித்துக் கண்ணைத் திறந்தார். அவருக்கு முன்னால் உபதேசியாரின் சேறு படிந்த முகம் மட்டும் இருந்தது. அவர் உதடு கோணியது.

"எல்லாரும் போயாச்சோ?" என்று கேட்டார். "என்னை மட்டும் விட்டுட்டுப் போயாச்சோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் அத்தனை பேரும் மேலே எடுத்துக்கொள்ளப்பட்டு, தான் மட்டும் தள்ளப்பட்டதாக அவர் நினைத்தார்.

"யாரும் போகல ஐயா" என்றார் உபதேசியார். "எல்லாரும் இங்கனதான் இருக்கோம். பாருங்க, ஒருத்தரு பாக்கியில்லாம இருக்கோம்."

ஊழியர் தலையைத் திருப்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வெள்ளைச் சீலையெல்லாம் சேறு. அவர் அழத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆறு கரை நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஜனங்கள் இறங்கித் தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். யாரோ பாட்டைத் திரும்பத் தொடங்கினார்கள். நாங்களும் பாடினோம். கர்த்தர் வரவில்லை என்ற வருத்தம் எனக்கு வரும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு அது வரவே இல்லை. தண்ணீர் வந்த சந்தோஷமும் ஒரு உயிர் திரும்பி வந்த சந்தோஷமும் உடம்பு முழுக்க நிறைந்திருந்தது.

வருத்தம் பிறகு வந்தது. கம்பத்துச் சந்தையில் எங்களைக் கண்டால், "என்ன, இன்னும் போகலையா?" என்று கேட்டார்கள். நாலு குடும்பம் சபைக்கு வருவதையே விட்டுவிட்டது. இறந்த பிள்ளையைக் காணப்போகிறேன் என்று நம்பியிருந்த நான் பல நாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உபதேசியார் யாரையும் திட்டவில்லை. நான் சொன்னேன் பார் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவர் பேசியது கொஞ்சம்தான்: "நாள் தப்பு. ஆனா காத்திருந்தது தப்பில்ல. காத்திருந்த இந்த நாலு மாசத்துல நம்ம சபை எப்படி இருந்துச்சோ, அப்படியே இருப்போம்."

ஊழியருக்குக் காய்ச்சல் கண்டு மூன்று வாரம் எங்கள் வீட்டில் கிடந்தார். உபதேசியார் தினமும் வந்து கஞ்சி ஊட்டுவார். ஊட்டிக்கொண்டே, சபை மேலே போவது உபத்திரவத்துக்கு முன்னாலா பின்னாலா என்று சண்டை. காய்ச்சலிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நாட்களில்தான் அக்காவுக்குப் பெண் பிறந்தது. நான் கோம்பைக்குப் போய்ப் பதினாறு நாள் இருந்து பிள்ளையைக் குளிப்பாட்டினேன். அவர்கள் சாமியார் ஞானஸ்நானம் கொடுத்தபோது மாதா கோயிலுக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தேன். இடி விழவில்லை.

நான் திரும்பி வந்தபோது ஊழியர் எழுந்து நடந்துகொண்டிருந்தார். மலையாளத்துக்குத் திரும்பவில்லை, கிழக்கே ஆண்டிபட்டிப் பக்கம் போகிறேன் என்றார். வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன்.

"அங்கன போயும் இதத்தான் சொல்லுவீகளா?" என்று கேட்டேன்.

"இதேதான், சகோதரி. அவர் வருவார், சபையை எடுத்துக்கொள்வார். ஒறப்பா." சோற்றுப் பொட்டலத்தைத் துண்டில் முடிந்துகொண்டார். "நாள் மாத்திரம் சொல்ல மாட்டேன். ஆத்துக்குள்ளேயும் நிக்க மாட்டேன்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். வாசல்வரை வந்த உபதேசியார், புதுச் செருப்பு ஒரு ஜோடியை அவர் காலடியில் வைத்தார். "கிழக்க தரை சுடும். போட்டுக்கிட்டுப் போங்க. அடுத்த தடவ வரும்போது நான் சொன்னத ஒத்துக்கிட்டு வாங்க" என்றார்.

ஊழியர் செருப்பைப் போட்டுக்கொண்டு, வாய்க்கால் மேட்டில் ஏறி, நாற்று நடுகிறவர்களுக்கு நடுவே பேசிக்கொண்டே போனார். குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து அவர் சொல்வதைக் கேட்டார்கள்.